ஐம்பூதங்களும் யோகமும்: வைத்ய சாஸ்திரம் சொல்வதும் பாஷ்யகாரர் அருளியதும்

திருவாராதனக் கைங்கர்யத்தில் புதிதாக இழிந்த இளம் அர்ச்சகர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் அடியேனிடம் ஒரு ஸந்தேஹம் கேட்டார். "ஸ்வாமி, சரீரத்திலுள்ள பூதங்கள் ஏறுமாறானால் நோய் வரும், ஆஸனத்தாலும் பிராணாயாமத்தாலும் முத்திரையாலும் அவற்றைச் சமப்படுத்தலாம் என்று யோகம் கற்பிக்கும் இடத்தில் சொல்லுகிறார்கள். ஆராதனத்தின் தொடக்கத்தில் நாம் செய்யும் பூதசுத்தியும் அதைத்தானே செய்கிறது? என் தகப்பனார் இதைக் கேட்டுச் சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். பூதசுத்தி ஒன்றே போதும் என்கிறார். இது சரியா?"

சரியன்று என்று அப்பொழுதே விண்ணப்பித்தேன். ஏன் சரியன்று என்பதைச் சற்று விரிவாக விசாரிக்க வேண்டியுள்ளது. வைத்ய சாஸ்திரம், யோக சாஸ்திரம், பாஞ்சராத்ர ஆகமம் ஆகிய மூன்றும் பூதங்களைப் பேசுகின்றன. ஆனால் மூன்றும் பூதங்களைக் கொண்டு செய்வது ஒன்றன்று.

முதலில் வைத்யர்களின் மதத்தைப் பார்ப்போம். பஞ்சபூதங்களின் சேர்க்கையே சரீரம் என்பதில் சரகர், ஸுச்ருதர், வாக்படர் மூவருக்கும் ஐகமத்யம் உண்டு. ஆகாசத்துக்கு ஒரு குணம், வாயுவுக்கு இரண்டு, தேஜஸ்ஸுக்கு மூன்று, ஜலத்துக்கு நான்கு, பிருதிவிக்கு ஐந்து என்று ஏறிச்செல்லும் எண்ணிக்கையைச் சரகர் சாரீர ஸ்தானத்தின் முதல் அத்யாயத்தில் சொல்லுகிறார். திருமழிசைப்பிரான் திருச்சந்த விருத்தத்தின் முதற்பாசுரத்தில் எம்பெருமான் அவையாய் நிற்கும் நிலையைப் பேசும்போது எண்ணுவதும் இந்தக் கணக்கையே என்பது ரஸிகர்கள் அறிந்தது. ஆயினும் நோய்க்கு லக்ஷணம் சொல்லும் இடத்தில் வைத்யர்கள் பூதங்களின் வைஷம்யத்தைச் சொல்லவில்லை. தோஷங்களின் வைஷம்யமே நோய், அவற்றின் ஸாம்யமே ஆரோக்யம் என்பது வாக்படரின் நிர்ணயம். வாதம் வாயுவாலும் ஆகாசத்தாலும் ஆனது, பித்தம் அக்நி ஸம்பந்தமானது, கபம் ஜலத்தாலும் பிருதிவியாலும் ஆனது என்று அஷ்டாங்க ஸங்க்ரஹம் பிரிக்கிறது. பூதங்கள் மூலத்ரவ்யங்கள். ஏறுவதும் இறங்குவதும் அவற்றால் ஆன தோஷங்களுக்கே.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தோஷத்தைக் கையாளும் வழி ஆஹாரத்திலும் ஔஷதத்திலும் இருக்கிறது. மதுர ரஸத்தில் பிருதிவியும் ஜலமும் மிகுந்திருக்கும். புளிப்பில் அக்நியும் பிருதிவியும், உவர்ப்பில் ஜலமும் அக்நியும், கசப்பில் ஆகாசமும் வாயுவும், காரத்தில் அக்நியும் வாயுவும், துவர்ப்பில் பிருதிவியும் வாயுவும் மிகும் என்று அஷ்டாங்க ஹ்ருதயம் கூறும். ஒத்தது ஒத்ததை வளர்க்கும், எதிரானது குறைக்கும். ஆகவே கபம் மிகுந்தவனுக்கு மதுரம் ஆகாது, காரமும் கசப்பும் துவர்ப்பும் ஆகும். வைத்யனிடம் பூதங்கள் வந்து சேர்வது இவ்வாறு நாவின் வழியாகவே. கட்டைவிரலை அக்நியென்றும் மற்ற விரல்களை மற்றப் பூதங்களென்றும் வைத்து முத்திரை பிடித்து நோய் தீர்ப்பது இம்மூவர் நூலிலும் இல்லை.

மார்கழிப் பொங்கலில் மிளகும் இஞ்சியும் நெய்யும் சேர்ந்தது குளிர்காலத்துக்கு ஏற்ற வைத்யம் என்று இந்நாளில் பலர் எழுதுகிறார்கள். ஹேமந்த ருதுவில் ஜாடராக்நி பலமாயிருக்குமாகையால் நெய்ப்புள்ள உணவு தகும் என்பது வைத்ய சாஸ்திரத்துக்கு ஒத்ததே. ஆனால் நாம் தளிகை பண்ணுவது பெருமாள் அமுது செய்வதற்காக. இது மறந்துபோனால் மடைப்பள்ளி மருந்துக்கடையாகிவிடும்.

இனி யோக சாஸ்திரம். பதஞ்ஜலி சித்தத்துக்கு வரும் ஒன்பது அந்தராயங்களை எண்ணும்போது வியாதியை முதலில் வைக்கிறார். வியாஸபாஷ்யம் அதற்குப் பொருள் கூறுகையில் தாதுக்கள், ரஸம், கரணங்கள் ஆகியவற்றின் வைஷம்யம் என்று வைத்யனின் பாஷையையே எடுத்துக்கொள்கிறது. அதாவது, வியாதி யோகத்துக்கு இடையூறு. யோகம் வியாதிக்கு ஔஷதம் என்பது அங்குச் சொல்லப்படவில்லை. சிகித்ஸா சாஸ்திரத்துக்கு ரோகம், ரோகஹேது, ஆரோக்யம், பைஷஜ்யம் என்று நான்கு பிரிவு இருப்பது போல, யோக சாஸ்திரத்துக்கும் ஸம்ஸாரம், அதன் ஹேது, மோக்ஷம், மோக்ஷோபாயம் என்று நான்கு பிரிவு என்கிறது அதே பாஷ்யம். இது உவமை. உவமையைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கலாகாது.

பதஞ்ஜலியிடம் பூதங்களைப் பற்றிய ஸூத்ரமே உண்டே என்னில், உண்டு. மூன்றாம் பாதத்தில் பூதஜயம் சொல்லப்படுகிறது. பூதங்களின் ஸ்தூல, ஸூக்ஷ்மாதி நிலைகளில் ஸம்யமம் செய்தவனுக்கு அணிமாதி ஸித்திகள் கிட்டும் என்பது அதன் கருத்து. இது ஜயம், ஸாம்யம் அன்று. பிற்காலத்துக் கேரண்ட ஸம்ஹிதை சொல்லும் ஐந்து பூத தாரணைகளும் இவ்வகையே. ஒவ்வொன்றும் 5 நாழிகை, அதாவது 2 மணி நேரம் பிராணனை நிறுத்திச் செய்யவேண்டியது. பலனும் அக்நியில் விழுந்தாலும் வேகாமை போன்றது. வயிற்று மந்தத்துக்கு இதை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் யாருமில்லை. ஸித்திகள் ஸமாதிக்கு இடையூறு என்று பதஞ்ஜலியே ஒதுக்குவதையும் நினைக்கவேணும். மேலும், வேதவிருத்தமான அம்சங்களில் யோகஸ்ம்ருதி நமக்குப் பிரமாணமன்று என்பது ஸ்ரீபாஷ்யத்தில் ஸித்தம்.

ஆகில், ஆஹாரத்துக்கும் யோகத்துக்கும் நம் ஸித்தாந்தத்தில் ஸம்பந்தமே இல்லையோ என்னில், இங்கேதான் பாஷ்யகாரரின் திருவுள்ளத்தை ஊன்றிப் பார்க்கவேணும். கீதையின் ஆறாம் அத்யாயத்தில் 16, 17ஆம் ச்லோகங்கள் மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்கின்றன. மிகையுணவு, உணவின்மை, மிகுந்த ஸஞ்சாரம், அஃதின்மை, மிகு உறக்கம், மிகு விழிப்பு, மிகுந்த ஆயாஸம், ஆயாஸமின்மை எல்லாவற்றையும் யோகவிரோதிகளாகவே எம்பெருமானார் வியாக்யானம் செய்தருளினார். 17ஆம் ச்லோகத்தில் யோகம் துக்கத்தைப் போக்கும் என்ற பதம் வருகிறது. உடற்பிணி தீரும் என்று இந்நாளைய உரைகள் சிலவற்றில் பொருள் காண்கிறோம். பாஷ்யகாரரோ ஸகல துக்கங்களையும் போக்குவதாய், பந்தத்தை நாசம் செய்வதான யோகம் என்று பொருள் அருளினார். மிதம் இங்கு ஸாதனம். அதன் பலன் நோயின்மையோடு நிற்பதன்று.

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் வாக்யகாரரின் ஸாதன ஸப்தகத்தை எடுக்குமிடத்தில் முதலாவதாக வருவது விவேகம். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்ற மூன்றாலும் கெடாத அன்னத்தால் வரும் காயசுத்தியே விவேகம். அந்த ஆஹாரசுத்தியினால் ஸத்வசுத்தியும், அதனால் துருவமான ஸ்ம்ருதியும் என்பது சாந்தோக்ய ச்ருதியின் வழி. வைத்யனும் அன்னத்தைச் சோதிக்கிறான், வேதாந்தியும் சோதிக்கிறான். சோதனைகள் வேறு. பூண்டைப் பாருங்கள். அஷ்டாங்க ஹ்ருதயத்தின் உத்தர ஸ்தானத்தில் ரஸாயனங்களோடு பூண்டு கொண்டாடப்படுகிறது. அமுதத்தைத் திருடிய ராகுவின் கழுத்து அறுபட்டபோது சிந்திய துளிகள் பூண்டாயின, அசுர சரீரத்தில் பிறந்ததாகையால் த்விஜர்கள் உண்பதில்லை என்ற கதையையும் வாக்படர் அங்கேயே சொல்லிவைக்கிறார். வாதத்துக்கு நல்லது என்பதும், ஜாதியால் விலக்கத்தக்கது என்பதும் இரண்டும் மெய். ஒன்றால் மற்றொன்று பொய்யாகாது.

இனி, கேட்டவரின் முக்யமான கேள்வியான பூதசுத்தி. ரத்னத்ரயம் எனப்படும் ஸாத்வத, பௌஷ்கர, ஜயாக்ய ஸம்ஹிதைகளுள் ஜயாக்யம் இதை விரித்துரைக்கிறது. நாற்கோணமான பிருதிவி, அரைமதி வடிவான ஜலம், முக்கோணமான தேஜஸ் என்று ஒவ்வொன்றையும் தியானித்து, அதனதன் தந்மாத்ரையில் ஒடுக்கி, ஆகாசம் வரை ஸம்ஹரிக்கவேணும். பின்பு தேஹத்தை மந்த்ராக்நியால் தஹித்ததாகவும், அமுதப் பெருக்கால் நனைத்துப் புதிய தேஹம் பெற்றதாகவும் பாவிக்கவேணும். ஆராதகன் பூதங்களைச் சமன் செய்வதில்லை, லயம் செய்கிறான். கர்மத்தால் வந்த இந்த உடலோடு எம்பெருமானைத் தொடத் தகுதியில்லை என்ற நினைவே இதற்கு வேர். தஹித்துவிட்டதாகப் பாவித்த உடலுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறையும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது! பூதசுத்தியின் பலன் ஆராதன யோக்யதை. அதை மருந்தாக்கினால் மருந்தும் கெட்டு ஆராதனமும் கெடும்.

"பகவானுடைய சரீரமான இவ்வுடலுக்கு அவனே ரக்ஷகன். பிரபந்நனுக்கு மருந்து எதற்கு?" என்பது அடுத்த சங்கை. அந்தத் தகப்பனாரே பின்னர் இதைக் கேட்டனுப்பினார். பூதங்களின் உள்ளே நின்று அவை அறியாமலே அவற்றை நியமிப்பவன் அவன் என்று பிருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி பிராம்மணம் ஓதுவது உண்மையே. மருந்தின் உள்ளே நின்று நியமிப்பவனும் அவனன்றோ? நம் பூர்வர்களின் அநுஷ்டானத்தைப் பார்ப்போம். காஞ்சீபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைச் சொல்லுகிறது. வைத்யரும், அறுவை செய்பவரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும், சேமித்துவைத்த தைலங்களும் கிருதங்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. ஸ்ரீரங்கத்தில் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கருடவாஹன பட்டர் ஆரோக்யசாலையைச் சீரமைத்து தன்வந்த்ரியை எழுந்தருளப்பண்ணியதைக் கூறுகிறது. மருந்து அவிச்வாஸமாகில், பெரிய பெருமாள் ஸந்நிதியில் ஆரோக்யசாலை எதற்கு?

திருவாய்மொழியின் பத்தாம் பத்து ஏழாம் திருவாய்மொழியை அவருக்கு நினைப்பூட்டினேன். எம்பெருமான் ஆழ்வாருடைய திருமேனியைத் திருமாலிருஞ்சோலையையும் திருவேங்கடத்தையும் போல விரும்பி, அவ்வுடலோடே அவரைக் கொண்டுபோகப் பாரித்தான். ஆழ்வாரோ ஐம்பூதங்களையும் உள்ளிட்ட இருபத்துநான்கு தத்வங்களையும் எண்ணி, இந்தப் பிரகிருதியை விட்டொழிக்க இசையவேணும் என்று அவனை வேண்டினார். உடலை விடுவது அவன் இசைவால் நடக்கவேண்டிய காரியம். மாத்திரையை நிறுத்தி நாம் முந்திக்கொள்ளும் காரியம் அன்று.

ஏகாதசியும் மருந்தும் பற்றிக் கேட்டதற்கு மஹாபாரதத்திலுள்ள நிர்ணயத்தையே சொன்னேன். ஜலம், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், பிராம்மணரின் விருப்பம், ஆசார்ய வசனம், ஔஷதம் ஆகிய எட்டும் வ்ரதத்தைக் கெடுப்பவை அல்ல. இவற்றில் எதைக் கொள்ளலாம், எவ்வளவு கொள்ளலாம் என்பதைச் சர்க்கரை நோயுள்ளவர் தம் வைத்யரைக் கேட்டே தீர்மானிக்கவேணும். உபவாஸமே கூடாது என்று அவர் சொன்னால் அதற்கும் கட்டுப்படவேணும். உணவின்மையை யோகவிரோதி என்று அருளிய பாஷ்யகாரரின் வார்த்தை அதற்குத் துணை.

அவர் மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார் என்று குமாரர் தெரிவித்தார். பூண்டு விஷயத்தில் மட்டும் வைத்யருக்கும் அவருக்கும் இன்னும் வாதம் நடக்கிறதாம்.