ஒரு சோறு பதம்! கம்ப்யூட்டர் வாத்தியத்தை இனாமாகக் கொடுக்கலாமா?

புடவைக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டுகிறார். தொட்டுப் பார்க்கிறோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். பிடித்தால் வாங்குகிறோம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுகிறோம்.

மாம்பழக் கூடைக்காரி ஒரு துண்டு நறுக்கிக் கையில் கொடுக்கிறாள். தின்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம்.

ஆனால், இன்று ஒரு புதுமையான சரக்கு விற்பனைக்கு இருக்கிறது. அதைக் கையால் தொட முடியாது. தராசில் நிறுக்க முடியாது. கடையில் அடுக்கி வைக்கவும் முடியாது. அதன் பெயர் "சாப்ட்வேர் சிந்தசைசர்". கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் வாத்தியம்!

இதைச் செய்து விற்கிறவர்களிடையே ஒரு வாதம் உண்டு. "கொஞ்சம் குறைத்து, ஒரு சிறு வாத்தியத்தை இனாமாகக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிழைப்பு நடக்குமா?" என்பதே அந்த வாதம்.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ நாளைக்குப் பாட்டு அமைக்க ஆசைப்படலாம். அப்போது இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்!

அலமாரி அளவு வாத்தியம்

வீணையில் தந்தி அதிர்கிறது. நாகசுரத்தில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் மின்சாரம் அதிர்கிறது. அந்த அதிர்வைக் கூட்டியும் குறைத்தும், வடிகட்டியும், விதவிதமான ஓசைகளை உண்டாக்குகிறார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மூக் என்பவர் 1964-ம் ஆண்டில் இத்தகைய வாத்தியம் ஒன்றை உலகுக்குக் காட்டினார். அது அலமாரி போல இருந்தது. உடம்பெல்லாம் கம்பிகள்; திருகுகள்! 1968-ம் ஆண்டில் வெண்டி கார்லோஸ், ஜெர்மன் இசை மேதை பாக்கின் இசையை இந்த வாத்தியத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது.

1970-ம் ஆண்டில் தூக்கிச் செல்லக்கூடிய "மினிமூக்" வந்தது. விலை சுமார் 1,500 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். ஏழைக் கலைஞன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது.

பெட்டி மறைந்தது!

1996-ம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஸ்டைன்பர்க் கம்பெனி "வி.எஸ்.டி." என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பாட்டுப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரில் மற்றக் கம்பெனிகளின் சாதனங்களையும் சேர்த்துக்கொள்ள இது வழி செய்தது. 1999-ல் வாத்தியங்களும் இந்த வழியாக உள்ளே நுழைந்தன.

பெட்டி போய்விட்டது. கம்பி போய்விட்டது. இப்போது கணக்குதான் வாத்தியம்! ஒரு விநாடிக்கு 44,100 எண்களைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்த எண்கள் ஒலிபெருக்கியில் ஓசையாகின்றன. இசைத் தகட்டின் தரத்துக்கே இத்தனை எண்கள் வேண்டும்!

சினிமாப் படத்தில் வானம் இடிவது போன்ற ஓசையும், தேன் வடிவது போன்ற ஓசையும் கேட்டிருப்பீர்கள். அவற்றில் பலவும் இப்படிப் பிறந்தவைதாம்.

சரி, விலை? 2014-ம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டீவ் டூடா "சீரம்" என்ற வாத்தியத்தை வெளியிட்டார். விலை 189 டாலர். மினிமூக்குடன் ஒப்பிட்டால் இது மலிவுதான். ஆனாலும், சம்பாதிக்கத் தொடங்காத ஒரு மாணவனுக்கு இது மலிவா?

"கொடுக்காதே!" என்கிறது ஒரு கட்சி

இனாம் கூடாது என்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

"இது பெரிய ஆலைகளின் தொழில் அல்ல. பல வாத்தியங்களை ஒருவரோ, நாலைந்து பேரோதான் செய்கிறோம். ஒரு வாத்தியம் உருவாக வருஷக்கணக்கில் ஆகிறது. அந்த நாட்களில் வருமானம் இல்லை.

"செய்து முடித்தாலும் வேலை தீர்வதில்லை. 2019-ல் ஆப்பிள் கம்பெனி பழைய மாதிரிச் சாப்ட்வேர்களைத் தன் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் ஓடவிடாமல் நிறுத்தியது. 2020-ல் கம்ப்யூட்டரின் மூளையையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் நாங்கள் உட்கார்ந்து திருத்த வேண்டும். இனாமாக வாங்கியவரும் 'ஓடவில்லையே' என்று கடிதம் எழுதுவார். அவருக்கும் பதில் எழுத வேண்டும்.

"இனாமில் கிடைப்பதே போதும் என்று எல்லோரும் இருந்துவிட்டால், எங்கள் அடுப்பில் உலை வைப்பது எப்படி?"

இதில் உண்மை இருக்கிறது. அலட்சியம் செய்யக்கூடாது.

"கொடுத்தால்தான் பிழைப்பு!" என்கிறது மறு கட்சி

இவர்கள் சொல்வது என்ன?

"மாம்பழத்தில் ஒரு துண்டு கொடுத்தால் அந்தத் துண்டு நஷ்டம். கம்ப்யூட்டர் வாத்தியத்தில் ஆயிரம் பேருக்குப் பிரதி கொடுத்தாலும் சரக்கு குறையாது. பணம் இல்லாதவன் இன்று எப்படியும் வாங்கப் போவதில்லை. அவன் கையில் இனாம் வாத்தியம் இருந்தால் பழகுவான். பழகிய விரல் வேறு வாத்தியத்தை எளிதில் தேடாது. நாளை சம்பாதிக்கும்போது நம்மிடம்தான் வருவான்.

"நாம் கொடுக்காவிட்டால் அவன் சும்மா இருப்பானா? திருட்டுப் பிரதியைத் தேடிப் போவான்!"

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. திருட்டுப் பிரதியினால் செய்தவருக்குக் காசு போகிறது. எடுத்தவருக்கும் ஆபத்து வருகிறது. திருட்டுப் பிரதியோடு கம்ப்யூட்டரைக் கெடுக்கும் வைரஸும் ஒட்டிக்கொண்டு வரலாம். வீட்டுக் கணக்கு, குழந்தையின் போட்டோ எல்லாம் பறிபோகலாம். நேர்மையான இனாம் ஒன்று இருந்தால், நல்ல பிள்ளை தவறான சந்துக்குப் போக வேண்டியதில்லை.

கெடுத்துக் கொடுப்பது இனாமா?

ஆகவே, கொடுப்பதே நல்லது. ஆனால் எப்படிக் கொடுப்பது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

சில மாதிரி வாத்தியங்களில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இரைச்சல் வரும். அல்லது, ஓசை நின்றுபோகும். "காசு கொடு" என்பதற்கு அது அடையாளம். பாயசத்தை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, அதில் மணலைத் தூவுவது போன்றது இது!

வேறு சிலவற்றில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ கெடு. பிறகு கதவு சாத்திக்கொள்ளும். கெட்டிக்காரர்களுக்கு அது போதும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம் பழகுகிறவருக்கு அது போதுமா?

இன்னும் சிலவற்றில், அமைத்ததைச் சேமித்து வைக்க முடியாது. பெல்ஜியம் நாட்டின் "எப்.எல். ஸ்டூடியோ" பாட்டு அமைக்கும் முழுப் பட்டறை. அதன் இனாம் மாதிரியில் பல வருஷங்களாக ஒரு விதி இருந்தது. அமைத்த வேலையைச் சேமிக்கலாம்; ஆனால் காசு கொடுத்த பிறகுதான் அதை மறுபடி திறந்து திருத்தலாம். முடிந்த பாட்டை ஒலியாக வெளியே எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்த அளவுக்கு அது நியாயம்தான். இருந்தாலும், தன் உழைப்பே தனக்குப் பூட்டிக் கிடந்தால் மனம் என்ன பாடுபடும்!

அதே பானைச் சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பாட்டிகள் சொன்ன பழமொழி. அந்த ஒரு சோறு அதே பானையிலிருந்து எடுத்த சோறாக இருக்க வேண்டும். வேறு பானையில் எடுத்தால் பதம் எப்படித் தெரியும்?

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் உர்ஸ் ஹெக்மான் என்பவர் "ஸீப்ரா" என்ற வாத்தியத்தைச் செய்தார். ஹாலிவுட் இசை அமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர், 2008-ல் வெளிவந்த "த டார்க் நைட்" படத்தில் இதைப் பயன்படுத்தினார். இந்த ஸீப்ராவில் ஓசை பிறக்கும் பகுதிகள் நான்கு. அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, "ஸீப்ராலெட்" என்று பெயரிட்டு இனாமாகக் கொடுத்தார்கள். நான்கில் ஒன்றுதான். ஆனால் அதே ஓசை!

இன்னொரு உதாரணம் இதைவிடத் துணிச்சலானது. 2020 நவம்பரில் அமெரிக்கரான மேட் டைட்டல் "வைட்டல்" என்ற வாத்தியத்தை வெளியிட்டார். இனாம் வாத்தியத்துக்கும், 25 டாலர் வாத்தியத்துக்கும், 80 டாலர் வாத்தியத்துக்கும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே! இரைச்சல் இல்லை. கெடு இல்லை. முக்கிய வித்தியாசம் எதில் தெரியுமா? தயாராகச் செய்து வைத்த ஓசைகளின் எண்ணிக்கையில்! இனாமில் சுமார் 75 ஓசைகள். 80 டாலர் கொடுத்தால் 400-க்கும் மேல்.

இதன் நியாயத்தைப் பாருங்கள். காசு இல்லாதவர் தாமே உட்கார்ந்து ஓசைகளைச் செய்துகொள்ளலாம். காசு இருந்தும் நேரம் இல்லாதவர் தயாரான ஓசைகளை வாங்கிக்கொள்ளலாம். ஏழையிடம் உழைப்பு இருக்கிறது. அவருக்குக் கதவு திறந்திருக்கிறது!

தவணையும் ஒரு வழி

இனாம் கொடுக்க இயலாதவருக்கும் வழி உண்டு. நாம் முன்பு பார்த்த சீரம் வாத்தியத்தை 2016-ல் "ஸ்பிளைஸ்" என்ற கம்பெனி தவணையில் கொடுக்கத் தொடங்கியது. மாதம் 9 டாலர் 99 சென்ட். ஏறக்குறைய 19 மாதம் கட்டினால் வாத்தியம் சொந்தம். தையல் மெஷினைத் தவணையில் வாங்குவது போல! ஒரு மாதம் கையில் பணம் இல்லாவிட்டால் நிறுத்தி வைத்து, பிறகு தொடரவும் வசதி செய்தார்கள்.

முழு வாத்தியத்தையே கொடையாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஜப்பானியரான இச்சிரோ தோடா "சிந்த்1" என்ற வாத்தியத்தை இனாமாகவே வழங்கினார். விலைக்கு விற்கப்பட்டு வந்த "சர்ஜ்" என்ற வாத்தியத்தை, அதைச் செய்த கிளேஸ் ஜோஹான்சன் 2018-ல் எல்லோருக்கும் பொதுவாக்கினார். இப்போது பலர் கூடி அதை வளர்த்து வருகிறார்கள். இவர்களை வாழ்த்துவோம். ஆனால் எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பது முறையல்ல. கொடை என்பது மனம் வந்து கொடுப்பது. கேட்டு வாங்குவது கொடை ஆகாது.

இரண்டு பக்கத்துக்கும் கடமை

கொடுப்பவர் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். அளவைக் குறைக்கலாம், ஓசையைக் கெடுக்கக் கூடாது. எது உண்டு, எது இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இனாம் வாத்தியத்தில் அமைத்த பாட்டு, அமைத்தவருக்கே சொந்தமாக, என்றும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. இனாமாகக் கிடைத்தது என்பதற்காக, யாரும் உழைக்காமல் அது வந்துவிடவில்லை. எங்கோ ஒருவர் கண் விழித்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கும் குடும்பம் உண்டு. உங்கள் பாட்டினால் முதல் வருமானம் வந்ததும், அதில் ஒரு பங்கை எடுத்து அந்த வாத்தியத்தின் முழுப் பதிப்பை வாங்குங்கள். உங்களுக்கு 400 ஓசைகள் கிடைக்கும். அவருக்கு அடுத்த வாத்தியம் செய்யத் தெம்பு கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை "எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாத்தியம் வேண்டும்" என்று கேட்டால், உடனே பணப் பெட்டியைத் திறக்காதீர்கள். "காசில்லை, போ!" என்று விரட்டவும் வேண்டாம். முதலில் நேர்மையான இனாம் வாத்தியம் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஆறு மாதம் பழகட்டும். ஆசை நிலைத்து நின்றால், அப்புறம் வாங்கிக் கொடுக்கலாம்.

பதம் பார்த்த பிறகுதானே பானையை இறக்குகிறோம்!