மில் மூடினால் எந்தப் பணம் யாருடையது?

திண்டுக்கல்லில் ஒரு வியாபாரி மஞ்சள் நோட்டீஸ் விட்டார் என்றால், கடன் கொடுத்தவர்கள் அன்றைக்கே குடோன் வாசலுக்குப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பதை விற்றால் எவ்வளவு தேறும் என்பது அவர்கள் கணக்கு. சட்டம் அதற்கு முன்பே ஒன்றைக் கேட்கிறது: உள்ளே இருப்பதில் எது அவருடையது? பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருந்த சொத்து, பங்கு போடும் சொத்தில் சேராது.

இறந்த தங்கையின் பிள்ளைகளுக்கான பணத்தை ஒரு தாய்மாமன் தன் கடைக் கணக்கிலேயே கலந்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கடை நொடித்தால் பிள்ளைகளும் வரிசையில் நிற்க வேண்டுமா? 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், 66-ஆம் பிரிவில், கலந்த மொத்தப் பணத்தின் மேலும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்கிறது. ஆனால் பொறுப்பாகக் கொடுத்ததற்கு எழுத்தோ சாட்சியோ வேண்டும். பணம் மாறிப்போன சொத்தாவது கண்ணில் பட வேண்டும். குடும்பத்துக்குள் யார் எழுதி வாங்குகிறார்கள்?

தனி வியாபாரிகளுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். கம்பெனிகளுக்கு 2016-இல் வந்த நொடிப்பு, திவால் சட்டம். வழக்கு சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை இப்படி லிக்விடேட்டர் கைக்குப் போனால், கட்டடம், மெஷின், விற்காத நூல் எல்லாம் ஏலத்துக்கு வரும். கூலிக்கு நூற்றுத் தரச் சொல்லி வெளி வியாபாரி இறக்கிய பஞ்சுப் பொதி வராது. 36-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு அதை விலக்கி வைக்கிறது. டெலிவரி சலானைக் காட்டி, தன் பொதியை அடையாளம் சொன்னால் அவர் எடுத்துப் போகலாம். மில்லுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்த வங்கிக்கும் அதில் உரிமை இல்லை.

அதே உட்பிரிவில்தான் பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளும் வருகின்றன. ஏ.பி.ஜி. ஷிப்யார்டு தொழிலாளர் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கிராஜுவிட்டியில் மட்டும் சிக்கல் உண்டு. நிறுவனம் அதற்கென நிதியே ஒதுக்காமல் விட்டிருந்தால் கொடுக்கும்படி லிக்விடேட்டருக்கு உத்தரவிட முடியாது என்று, லான்கோ இன்ஃப்ராடெக் விவகாரத்தில் 2020-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. ஒதுக்காதது முதலாளி, இழப்பது தொழிலாளி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இந்த மாவட்டத்து மில் விடுதிகளில் தங்கி வேலை செய்த பெண்களின் நிலை இதைவிட மோசம். சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்ற ஏற்பாட்டில், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்லி அழைத்து வந்தார்கள். கல்யாணத்துக்கு என்று சொல்லப்பட்ட அந்தப் பணம், அவள் பெயரில் தனிக் கணக்கில் போடப்படாதவரை, மில்லின் பணம்தான். பின்னால் தருகிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்தால் அது கடன். பஞ்சு வியாபாரிக்குக் கிடைக்கும் விலக்கு அவளுக்குக் கிடைக்காது.

சம்பள பாக்கி என்று கேட்கலாம். 53-ஆம் பிரிவு தொழிலாளர் பாக்கியை, ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கிக்குச் சமமாக வைக்கிறது. ஆனால் லிக்விடேஷனுக்கு முந்தைய 24 மாதங்களுக்கு மட்டும். திட்டமோ 36 மாதம். மூன்றாண்டையும் முடித்த நேரத்தில் மில் மூடினால், முதல் வருடத்துக்கு உரிய பங்கு வரிசையில் வெகு கீழே இறங்கிவிடும். அங்கே பணம் மிஞ்சுவது அபூர்வம்.

கோரிக்கைகளைக் கொடுக்கச் சொல்லி லிக்விடேட்டர் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடுவார். தொழிலாளர் அனைவருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதியே மனு தரலாம். விடுதியைக் காலி செய்து ஊர் திரும்பிவிட்டவர்களின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது, சங்கம் இருக்கும் மில்லில்கூடத் தானாக நடப்பதில்லை. ஊரிலிருந்தே யாராவது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.