பனியன் ஊரிலிருந்து பாக் நீரிணைக்கு

திருப்பூர்ப் பக்கம் நீச்சல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்கள், பி.ஏ.பி. வாய்க்காலில் குதித்துத் தேறியவர்கள், இப்போது நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் எனத் தெருவுக்குச் சிலராவது இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது தலைமன்னாரில் இறங்கித் தனுஷ்கோடியில் கரையேற வேண்டும் என்ற ஆசை வந்தால் அது நடக்காத காரியமல்ல. பக்கத்து ஈரோட்டுக்காரரான குற்றாலீஸ்வரன் 1994இல், பன்னிரண்டு வயதில், பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். ஆனால் கிணற்றிலும் குளத்திலும் தேறிய உடம்பு கடலுக்கு அப்படியே போதாது. நல்ல நீச்சல்காரருக்கும் ஓராண்டுத் தயாரிப்பு வேண்டும்.

தூரத்தை நம்ப வேண்டாம்

தலைமன்னார் முதல் தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கி.மீ. 25 மீட்டர் குளத்தில் 600 முறை போய் வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு கடலில் செல்லாது. 1966இல் மிகிர் சென் இந்த வழியைக் கடக்க 25 மணி 36 நிமிடம் ஆனது. 2004இல் புலா சவுத்ரி 14 மணி நேரத்துக்குள் முடித்தார். ராமர் பாலத்து மணல் திட்டுகளுக்கு இடையே ஓடும் நீரோட்டம் உங்களைத் தள்ளியும் விடும், ஒரே இடத்தில் நிறுத்தியும் வைக்கும். அதனால் கி.மீ.யை விட்டு மணிக்கணக்கில் பழகுங்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல், கடைசி மாதங்களில் கடலிலேயே தொடர்ந்து ஆறு மணி நேரம் நீந்தும் நிலைக்கு வர வேண்டும். பெரும்பாலோர் நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகிறார்கள் என்பதால் இருட்டிலும் நீந்திப் பார்க்க வேண்டும். கடல் அடங்கியிருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே ஏற்ற காலம். இரு நாட்டு அரசுகளின் அனுமதிக்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

டெய்லரின் தோள்

ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் குனிந்தே ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குத் தோள்கள் முன்னால் வளைந்து, கழுத்துத் தசைகள் இறுகிப்போயிருக்கும். கணினி முன் உட்காரும் மெர்ச்சண்டைசருக்கும் இதே கதைதான். அந்தத் தோளோடு நிமிடத்துக்கு அறுபது முறை கை வீசினால் பத்து மணி நேரத்தில் 36,000 வீச்சு. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் உரசி வீங்குவதற்கு இது தாராளம். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, இரண்டு மூன்று மாதம் ரப்பர் பட்டையால் தோளைப் பின்னிழுக்கும் பயிற்சியும் முதுகுத் தசைக்கான பயிற்சியும் செய்யுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி வந்தால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டு நீந்துவது தோளையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். இரவு எட்டரைக்கு ஷிப்ட் முடித்து, நான்கரைக்கு எழுந்து குளத்துக்குப் போகிறவர் எப்போது தூங்குகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்காத வாரங்களில் நீச்சலைக் குறைப்பதே நல்லது.

குளிர் இல்லை, சூடு உண்டு

நெடுந்தூரக் கடல் நீச்சலைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலக் கால்வாயை மனதில் வைத்துச் சொன்னவை. அங்கே கோடையிலும் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான். அதனால் உடம்பில் கொழுப்பு ஏற்று, பனிக்கட்டித் தொட்டியில் உட்கார் என்பார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே எடை ஏற்றுவது வீண் வேலை. மார்ச், ஏப்ரலில் பாக் கடல் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும்.

அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு வியர்வை காற்றில் உலர உலர உடம்பு குளிர்கிறது. கடலில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வியர்க்கும், ஆனால் உலராது, வியர்ப்பதே தெரியாது. உழைப்பின் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கி.மீ. உலகக் கோப்பைப் போட்டியில் நீந்திய அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன், கரைசேராமலே இறந்தார். அவருக்கு வயது 26, தேசிய அணியில் இருந்தவர். அன்று தண்ணீர் கடுமையான சூடு. இப்போது சர்வதேச விதி 31 டிகிரிக்கு மேல் போட்டி நடத்த அனுமதிப்பதில்லை.

ஆகவே ராமேஸ்வரத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய் அந்தத் தண்ணீருக்கு உடம்பைப் பழக்குங்கள். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியைக் கடந்துவிடும்படி புறப்படும் நேரத்தைத் திட்டமிடுங்கள். குடிக்கும் பானம் ஜில்லென்று இருக்கட்டும். காய்ச்சல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் இறங்கவே வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு வாய்

படகைத் தொடக் கூடாது என்பது விதி. கயிற்றில் கட்டிய பாட்டிலை எறிவார்கள். மிதந்தபடியே குடிக்க வேண்டும். மணிக்கு 60 கிராம் அளவு மாவுச்சத்து போதும். உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், குளுக்கோஸ், நன்கு கனிந்த பழம் எதுவானாலும் மாதக்கணக்கில் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். உப்புநீரில் நாக்கு தடித்துப் புண்ணாகும்; ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கொப்பளியுங்கள்.

உரசலும் சொறியும்

அக்குள், கழுத்து, தொடை இடுக்கு, தோள்பட்டை ஓரம் எங்கும் வாசலினைத் தாராளமாகப் பூசுங்கள். காட்டன் பனியன் கடலுக்கு ஆகாது, ஊறிக் கனக்கும். நீச்சலுடையை வாங்கும்போது உள்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள்: புடைத்து நிற்கும் ஓவர்லாக் தையல் பத்து மணி நேரத்தில் தோலைக் கிழித்துவிடும், படிந்து கிடக்கும் பேட்லாக் தையல் கிழிக்காது. இதைத் திருப்பூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொறி மீன் (ஜெல்லி மீன்) கொட்டினால் தேய்க்காதீர்கள். ஒட்டிய இழைகளைக் கடல்நீராலேயே அலசி, இடுக்கியால் எடுக்க வேண்டும். படகேறிய பின், பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். மூச்சு இறுகினாலோ முகம் வீங்கினாலோ நீச்சல் அத்தோடு முடிந்தது, நேரே மருத்துவமனை.

நிறுத்தும் அதிகாரம்

இசிஜி, எக்கோ, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். வலிப்பு உள்ளவர்களும், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவர் அனுமதியின்றி இறங்கக் கூடாது.

இலங்கை வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய மாவீரர். 1984இல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் அவர் உயிரிழந்தார். அனுபவம் யாரையும் காப்பாற்றிவிடாது. சூடு தலைக்கேறியவருக்குத் தன் நிலை தெரியாது. நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். கை வீச்சின் வேகம் குறைவதையும் பேச்சு குழறுவதையும் படகில் இருப்பவர்தான் பார்க்க முடியும். சாதனைக்காகச் சின்னப் பிள்ளைகளை இறக்கும் பெற்றோர் இதை இருமுறை யோசிக்க வேண்டும், பிள்ளை தானாக நிறுத்தச் சொல்லாது.

எனவே புறப்படும் முன்பே படகில் வரும் மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ நிறுத்தும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் ஏறு என்றால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏறிவிடுங்கள்.