கேட்கக் கற்றவனே கலைஞன்

செஞ்சிக்கு வருவோர் எவரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது இராஜகிரியையே. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அக்குன்றின் மேல் நிற்கும் கோட்டை, 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் நம் பாட்டன்மார் இதனை அறிந்தது தேசிங்கு ராஜன் கதைப்பாடல் வாயிலாகவே. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து, இளவயதிலேயே களத்தில் மாண்ட அவ்வீரனின் வேகம் இன்றும் கேட்போரைச் சிலிர்க்க வைக்கிறது.

இளமைக்கு வேகம் இயல்பு. அவ்வேகம் ஒரு கலையை நாடும்போது எவ்வாறு முதிர வேண்டும்? இசை கற்க விரும்பும் பிள்ளையைப் பார்த்து, "அது சோறு போடுமா?" என்று அஞ்சும் பெற்றோர் நம் பங்குகளில் உண்டு. முதல் மேடையிலேயே புகழை எதிர்பார்த்து, அது கிட்டாதபோது துவண்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. இவ்விரு சாராரும் சிந்திக்கத்தக்க கதையொன்று நம் தமிழிலேயே இருக்கிறது.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரே அது. ஓவியர் கோபுலுவின் சித்திரங்களுக்காகவே இதழை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் பல. 1968இல் ஏ.பி. நாகராஜன் இக்கதையைத் திரைப்படமாக்கினார். சிவாஜி கணேசன் நாகசுரக் கலைஞராகத் தோன்ற, திரைக்குப் பின்னே நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்களான சேதுராமனும் பொன்னுசாமியும் ஆவர்.

திரைப்படத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் திறமை மிக்கவன். ஆனால் செருக்கும் முன்கோபமும் உடையவன். நாட்டியமங்கை மோகனாவோடு அவனுக்கு முதலில் ஏற்படுவது போட்டி, பின்னரே அன்பு. மனம் புண்பட்ட வேளையில் தன் வாத்தியத்தையே உடைத்துவிட்டு ஊரைவிட்டுப் புறப்படுகிறான். அவனைத் தடுத்து நிறுத்துபவர் அவனுடைய குரு. பரதநாட்டியத்திற்கு நாகசுரம் வாசிக்கும் அரிய முறையைக் கற்குமாறு அவர் அவனைத் தூண்டுகிறார்.

இங்கேதான் கதையின் உயிர்நிலை இருக்கிறது. நாகசுரம் தேரோடும் வீதியையே நிறைக்கவல்ல வாத்தியம். அதைத் தனித்து முழக்குவது ஒரு திறமை. ஆடுபவளின் பாதத்தைக் கவனித்து, அதன் நடைக்கேற்பத் தன் மூச்சை அடக்கியும் விடுத்தும் வாசிப்பதோ வேறொரு திறமை. அதற்குப் பிறரைக் கேட்கும் மனம் வேண்டும். மோகனாவை வெல்லவே அவன் அதைக் கற்றான் எனினும், கற்ற பாடம் அவனையே பண்படுத்தியது. போட்டியின்போது நஞ்சு தோய்ந்த கத்தி பாய்ந்தும் அவன் வாசிப்பை நிறுத்தவில்லை. தன்னைவிடக் கலை பெரிது என்று அவன் உணர்ந்துவிட்டான் அன்றோ!

கடல் கடந்த நாட்டிலும் இவ்வுண்மையைக் காண்கிறோம். ஜப்பானில் நினோமியா தொமோகோ என்னும் பெண் ஓவியர் 2001இல் 'நோடமே கான்டாபிலே' என்ற சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கினார். அது மேனாட்டுச் செவ்வியல் இசை பயிலும் மாணவர்களின் கதை. இசைக்குழுவை நடத்தும் தலைவனாக விரும்பும் சியாக்கி, குறையேதும் பொறுக்காதவன். பியானோ பயிலும் நோதாவோ, இசைக்குறிப்பைப் பொருட்படுத்தாமல் காதால் கேட்டதை மனம்போல வாசிப்பவள். அவளிடமிருந்து அவன் இசையின் மகிழ்ச்சியையும், அவனிடமிருந்து அவள் இசையின் ஒழுங்கையும் கற்கிறார்கள். மொழி வேறு, வாத்தியம் வேறு, பாடம் ஒன்றே.

நமக்கு இது புதிய பாடமன்று. ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில், பெற்றதை மண்ணில் புதைத்தவனே கண்டிக்கப்பட்டான். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றப் பணியினூடே இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வலியுறுத்தியது. திருச்சியில் 1977இல் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, இசையும் நடனமும் கற்பிக்கும் கல்லூரியாக வளர்ந்தது.

எனவே பெற்றோரே, பிள்ளையின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளிவிடாதீர்கள். செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம் முதலியன அங்கே மூன்றாண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. பிழைப்புக்கு வேறொரு தொழில் வேண்டியிருக்கலாம். அதனால் கற்ற கலை வீணாகிவிடாது என்பதற்கு வேதநாயகரே சான்று.

இளைஞரே, முதலிடம் பெற விரும்புவது பாவமன்று. ஆனால் ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவில் நிற்கும்போது ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அருகில் நிற்பவரின் குரல் உங்கள் செவியில் விழுகிறதா? விழவில்லையெனில், உங்கள் குரலைச் சற்றே தணித்துக்கொள்ளுங்கள். இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அந்நாளில் நல்ல குரலுக்காக மட்டுமன்றி, கேட்கும் செவிக்காகவும் மன்றாடுவோம்.