‘அசோக்’ எப்படி ‘அசோகர்’ ஆனான்?

மழை விடட்டும், அதுவரை ஒரு பிளேன் டீ குடிப்போம். பேராதனை கலஹா சந்தியில் நின்றால் கதைக்க நேரம் கிடைக்கும். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யை இன்றைக்கும் டிவியில் போட்டால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சிரிக்கிறார்களே, ஏன் என்று கேட்டீர்கள்.

பலர் நாகேஷைச் சொல்வார்கள். தப்பில்லை. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா, அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தையே பாருங்கள். பேய் வருவது நாகேஷின் வாயில். நம்மைச் சிரிக்க வைக்கும் பயம் பாலையாவின் கண்ணில். சொல்பவர் பாதி, கேட்பவர் பாதி.

ஆனால் படத்தைத் தாங்குகிற தூண் வேறு. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது அதே பாலையா, தன்னிடம் வேலை செய்யும் அசோக்கை வேலையிலிருந்து நிறுத்துகிறார். அவனோ முதலாளி வீட்டுக்கு எதிரே கூடாரம் அடித்துப் போராடுகிறான். அவர் மகளையே காதலிக்கவும் செய்கிறான். பிறகு, தான் கோடீசுவரர் மகன் என்று புளுகி, நண்பன் வாசுவுக்கு வயதான வேஷம் போட்டு அப்பாவாக அழைத்து வருகிறான். அவ்வளவுதான், முதலாளி குழைகிறார்; ‘அசோக்’ ‘அசோகர்’ ஆகிறான். ஆள் அதே ஆள்தான். மாறியது அப்பன் பெயர்.

இதை நம் மலையில் விளக்கத் தேவையில்லை. இந்தக் கலஹாப் பாதையில் ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட தோட்டம். தோட்டத்தை நடத்தும் துரை பற்றுச்சீட்டு கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் லயத்துக் காம்பராவும் போச்சு. மருமகனாகத் திரும்புவது எங்கே? படம் வந்த அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். ‘கல்யாணப் பரிசி’ல் அழவைத்த இயக்குநர் ஸ்ரீதர், இந்தப் படத்தில் யாரையும் வில்லனாக்கவில்லை. முதலாளிக்குப் பணத்தாசை உண்டு, கெட்ட மனம் இல்லை. அதனால் சிரிப்பில் கசப்பு இறங்குவதில்லை. வேஷம் எது, நிஜம் எது என்பது நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

தோட்டத்தில் எல்லாம் தெரிந்தவர் துரை, கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் நாங்கள். இந்தப் படம் ஓடி முடியும்வரை அது தலைகீழ். குடியுங்கள், ஆறப்போகிறது.