நடுவழியில் நின்ற வீடு

கலிஃபோர்னியாவின் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கிறது. அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதன் நினைவாக அந்த உயரம். லாஸ் வேகாஸ் போகும் ஐ-15 நெடுஞ்சாலை அங்கிருந்துதான் மேடேறத் தொடங்குகிறது. ஊர் இருப்பது ஏறத்தாழ 900 அடியில். மேலே ஹாலோரன் உச்சி 4,000 அடியை ஒட்டி. கோடையில் அந்த ஏற்றத்தில் ஓரங்கட்டி நிற்பவர்களில், வீட்டையே வண்டியாக ஓட்டிவரும் மோட்டார்ஹோம்காரர்கள் பாவப்பட்டவர்கள். கார் நின்றால் பயணம் நிற்கும், அவ்வளவுதான். இவர்களுக்குப் பாத்திரம், படுக்கை, ஃபிரிட்ஜில் வைத்த தயிர் எல்லாமும் சேர்ந்து நின்றுவிடும்.

இந்த வண்டியில் இன்னொரு சிக்கல், இதைக் கட்டுவது ஒரு கை அல்ல. ஃபோர்டோ ஃப்ரைட்லைனரோ இன்ஜினும் சக்கரமும் கொண்ட சேஸிஸைக் கொடுக்கும். அதன்மேல் அடுப்பு, கட்டில், கழிவறை வைத்து வீடு கட்டுவது வேறொரு தொழிற்சாலை. வண்டி நின்றதும் பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்தாக வேண்டும். லாரிப் பட்டறைக்காரர் தண்ணீர் பம்பைத் தொடமாட்டார். வீட்டுப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடைகளில் பல, இன்ஜின் பக்கமே வருவதில்லை.

பழுதுக்கோ இந்த எல்லை தெரியாது. நிறுத்துமிடத்தில் வரவேற்பறையை அகலமாக்க, சுவரையே வெளியே தள்ளும் 'ஸ்லைடு' என்ற ஏற்பாடு உண்டு. அதன் மோட்டார் எரிந்தால் இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டியை எடுக்க முடியாது. சுவரைப் பிதுக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் எப்படிப் போவது? கையால் சுற்றி உள்ளே இழுக்கச் சிலவற்றில் வழி வைத்திருப்பார்கள். அந்தக் கைப்பிடி எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று பார்த்து வைப்பவர் குறைவு. மாறாக, வீடு வண்டியைக் காப்பாற்றுவதும் உண்டு. இன்ஜின் பேட்டரி இறங்கிவிட்டால், பல வண்டிகளில் டாஷ்போர்டிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தி, விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த வீட்டு பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி ஸ்டார்ட் செய்துவிடலாம். உதவிக்குப் போன் போட்டு இரண்டு மணிநேரம் காத்திருந்த பிறகு இந்தப் பொத்தானைக் கண்டுபிடிப்பவர்களை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏற்றத்தில் சூடு காட்டும் ஊசி சிவப்பை நோக்கி ஏறும்போது ஏ.சி.யை அணைத்து, கியரைக் குறைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 45 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் அலறுவார்கள். ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் நம்மிடம் இறக்கிவைக்கிறது. நின்ற பிறகும் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இன்ஜின் முன்னாலுள்ள வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து மேடுதான் இன்ஜினின் மூடி. அமெரிக்கர்கள் அதை 'நாய்க்குடில்' என்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் இன்ஜின் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

டயரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 1960இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், ஜி.எம்.சி. பிக்கப் வண்டியின் முதுகில் சிறு அறையை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயர்: ரோசினான்டே. ஓரிகானில் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்தது. சேற்றில் கிடந்து மாற்றினார். ஒரு சிற்றூரில் பெட்ரோல் பங்க் நடத்திய, பார்த்தாலே பயம் வரும் ஓர் ஆள், விடுமுறை நாளென்றும் பாராமல் அங்குமிங்கும் போன் போட்டு அந்தக் கனத்துக்கு ஏற்ற டயரைப் பிடித்துக் கொடுத்தார். 'டிராவல்ஸ் வித் சார்லி'யில் வரும் கதை இது. அந்த நூலில் கற்பனை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பின்னாளில் சர்ச்சை எழுந்தது. டயர் சங்கதியை நான் நம்புகிறேன். தேவைக்கு மேல் சுமை ஏற்றியதை அவரே ஒப்புக்கொள்கிறாரே!

இன்றும் அதே கதைதான். 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 300 கிலோ. அதன்மேல் அரிசி மூட்டை, கிரைண்டர், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியின் பெட்டிகள். போதாததற்கு, இந்த டயர்கள் ஓடித் தேய்வதைவிட வீட்டு வாசலில் நின்றே வெடிப்பு விடுகின்றன. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்த டயர். ரப்பர் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் அந்த எண்ணைப் படியுங்கள். முன் டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்; போகக்கூடாது. ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் அழுத்தி வண்டியை நேர்க்கோட்டில் வைத்துவிட்டு, வேகம் தானே குறைய விட வேண்டும். பெரிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்போம். பத்து டன் வீட்டை ஏற்ற எந்த வண்டி வரும்? உதவிக்கு அழைக்கும்போது நீளம், உயரம், எடை, மைல்கல் எண் நான்கையும் சொல்லாவிட்டால் காரை இழுக்கும் குட்டி வண்டி வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஏர் பிரேக் வண்டியில் காற்று கசிந்து அழுத்தம் விழுந்துவிட்டால் ஸ்பிரிங் பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். அதை விடுவிக்காமல் அங்குலம்கூட நகர்த்த முடியாது. அதுவரை உள்ளே காபி போடத் தோன்றும். வேண்டாம். விரைந்து வரும் லாரிகளுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தகடு. குழந்தைகளை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துவதே சரி.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாலும் பாகம் வர நாலு நாள் ஆகலாம். பெரிய டீசல் பட்டறைகள் சில, முற்றத்தில் மின் இணைப்பு கொடுத்து வண்டியிலேயே தூங்க விடுகின்றன. கிரீஸ் வாசனையில் சாம்பார் கொதிக்கும். காலையில் மெக்கானிக் கதவைத் தட்டுவார். இன்ஜின் பின்னால் உள்ள வண்டிகளில் அது இருப்பது படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில். மெத்தையைச் சுருட்டினால்தான் அவர் வேலையைத் தொடங்க முடியும்.