‘ரியல் டைம்’னா வேகமா, நேரம் தவறாமையா?

வாட்ஸ்அப் மெசேஜ் 2 செகண்ட் லேட்டா வந்தால் நஷ்டமில்லை. ஆனால், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, கன்வேயர் பெல்ட்டில்தான் 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. இப்படி அடுத்தடுத்து ஓடும் பெல்ட்களில் ஒன்று நின்றால், அதில் நிலக்கரியைக் கொட்டும் முந்தைய பெல்ட்களும் உடனே நிற்கணும். தகவல் தாமதமானால்? நிலக்கரி குவிந்து சரியும். பக்கத்தில் வேலை பார்ப்பவருக்கும் ஆபத்து.

சாதாரண ஈதர்நெட்டில் டேட்டா நெரிசலில் சிக்கிக் காத்திருக்கலாம். ஆலைகளுக்கான புரோஃபிநெட், ஈதர்கேட் போன்ற புரோட்டோகால்களில், தகவல் இத்தனை மில்லிசெகண்டுக்குள் வந்தாகணும் என்று கெடு உண்டு. 2003-ல் அறிமுகமான ஈதர்கேட்டில், ஒரே டேட்டா ஃபிரேம் ரயில் மாதிரி எல்லாக் கருவிகளையும் நிற்காமல் கடக்கும். ஒவ்வொரு கருவியும் தனக்கானதை எடுத்துக்கொண்டு, தன் தகவலை ஏற்றிவிடும்.

கெடு தவறினால்? எதற்கும் காத்திருக்காமல் இயந்திரம் தானாக நிற்கும்படி செட் செய்துவிடலாம். லேட்டா வந்த தகவல், இங்கே வராத தகவல்தான்!